பாப்பா பள்ளிக்கூடம் மாறுகிறாள்!

மே மாதம் பிறந்துவிட்டால் நம் வீடுகளில் இரண்டு கவலைகள். வடகம் காய்வதற்குள் மழை வந்துவிடக் கூடாதே என்பது ஒன்று. ஸ்கூல் ஃபீஸ் இன்னொன்று. வடகத்தையாவது பழைய சேலை போட்டு மூடி வைக்கலாம். ஃபீஸை எதைப் போட்டு மூடுவது?

‘பேசாம கவர்ன்மென்ட் ஸ்கூல்ல சேர்த்துடலாமா?’ என்று ராத்திரி கணவரிடம் கிசுகிசுத்துவிட்டு, விடிந்ததும் அதைப் பற்றி வாயே திறக்காத சகோதரிகள் எத்தனையோ பேர். எங்கள் தெருவிலேயே நாலைந்து பேர் என்னிடம் வந்து விசாரித்திருக்கிறார்கள். அதுவும் எப்படி? கடைக்குப் போகிற வழியில் நின்று, குரலைத் தாழ்த்தி, சொல்லக் கூடாத வியாதிக்கு டாக்டர் விலாசம் கேட்கிற மாதிரி! அவர்களிடம் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

எங்களுடையது தஞ்சாவூர் மாவட்டத்தில் ஒரு சின்ன டவுன். இவருக்கு ஃபோட்டோ ஸ்டூடியோ. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது பள்ளிக்கூடங்களோடு கல்யாண மண்டபங்களும் மூடிக்கொண்டன. பத்து இருபது பேரை வைத்துக் கல்யாணத்தை முடிக்கிறவர்கள் வீடியோவுக்கா ஆள் கூப்பிடுவார்கள்? மகன் அப்போது ஏழாம் வகுப்பு, பெண் மூன்றாம் வகுப்பு. இரண்டு பேரும் ஒரே மெட்ரிகுலேஷன் பள்ளி. இருந்த ஒரு செல்போனில் இருவரும் மாறி மாறிப் பாடம் பார்த்தார்கள். ஃபீஸுக்கு மட்டும் மாறி மாறி என்பதெல்லாம் கிடையாது; இரண்டும் சேர்ந்தே வந்தது.

2021 நவம்பரில் சின்ன வகுப்புகளுக்குப் பள்ளி திறந்தபோது பெண் ஐந்தாம் வகுப்புக்கு வந்திருந்தாள். அவளுக்கு மட்டும் வருஷ ஃபீஸ் 28 ஆயிரம். வேன், புத்தகம், யூனிஃபாரம் எல்லாம் தனி. நகையை வைத்துக் கட்டினோம். கட்டியும் 9 ஆயிரம் பாக்கி நின்றது.

பணம் மட்டும்தான் காரணம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு நாள் ரேஷன் கடையில் வரிசையில் நிற்கும்போது, சுவரில் இருந்த போர்டைப் படிக்கச் சொன்னேன். ‘து... வ... ர... ம்...’ என்று எழுத்துக் கூட்டுகிறாள். ஐந்தாம் வகுப்புப் பெண்! சரி, இங்கிலீஷாவது வந்ததா? ‘ஃபோட்டோசிந்தசிஸ்’ பற்றி நாலு வரி மூச்சு விடாமல் ஒப்பிப்பாள். ‘அப்படின்னா என்ன பாப்பா?’ என்றால் திருதிருவென்று விழிப்பாள். குழந்தையைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஒன்றரை வருஷம் போனைப் பார்த்துப் படித்தது அவள் செய்த தப்பா?

ஆறாம் வகுப்புக்கு எங்கள் ஊர் அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளியில் சேர்ப்பது என்று நானும் இவரும் முடிவு செய்தோம். மகன் அந்த ஜூனில் பத்தாம் வகுப்பு போகிறான். பொதுத் தேர்வு வருஷத்தில் பிள்ளையைப் பிடுங்கி நடுவது சரியில்லை. அவன் ஒரு வருஷம் அங்கேயே இருக்கட்டும் என்று பேசினோம்.

இங்கேதான் சிக்கல். விஷயம் தெரிந்ததும் இவருடைய தாய்மாமா வந்தார். காபியைக் குடித்துவிட்டு, ‘நல்ல முடிவும்மா. பொண்ணுதானே, எங்க படிச்சா என்ன? பையனை மட்டும் அங்கேயே வையுங்க’ என்றாரே பார்க்கலாம்! அவர் மனசில் கெடுதல் இல்லை. பாராட்டுவதாகத்தான் நினைத்துச் சொன்னார். ஆனால் கதவோரம் பாப்பா நின்றுகொண்டிருந்தாள்.

அன்றைக்கு ராத்திரி என் பக்கத்தில் படுத்துக்கொண்டு இரண்டு கேள்வி கேட்டாள்.

‘நான் மார்க் கம்மியா வாங்கினதாலயாம்மா மாத்துறீங்க?’

‘அண்ணன் மட்டும் அங்கேயே படிப்பானா?’

ஊர் என்ன சொல்லும், சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்று நாம் மருகிக்கொண்டிருக்கிறோம். பத்து வயதுக் குழந்தைக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. தனக்கு இது தண்டனையா, தன்னைத் தள்ளி வைக்கிறார்களா என்பதுதான் அதன் பயம். இதற்குப் பதில் சொல்லாமல் யூனிஃபாரம் தைக்கக் கொடுத்துப் பிரயோசனம் இல்லை.

மறுநாள் வீட்டுக் கணக்கு நோட்டை எடுத்து இரண்டு பிள்ளைகளையும் உட்கார வைத்தோம். வரவு இவ்வளவு, வாடகை இவ்வளவு, வட்டி இவ்வளவு, ஃபீஸ் இவ்வளவு என்று இவரே படித்துக் காட்டினார். ‘சின்னப் பிள்ளைங்ககிட்டப் போய் இதெல்லாமா?’ என்றார் என் மாமியார். பத்து வயதுக்குக் கூட்டல் கழித்தல் தெரியுமே! நோட்டைப் பார்த்துவிட்டு, ‘அப்ப மார்க் இல்ல’ என்று அவளே சொன்னாள். அண்ணனையும் வைத்துக்கொண்டே, ‘பத்தாவது பரீட்சை முடிஞ்சதும் அண்ணனும் கவர்ன்மென்ட் ஸ்கூல்தான்’ என்று சொன்னோம். 2023இல் அவனைப் பதினொன்றாம் வகுப்புக்கு அரசு ஆண்கள் பள்ளியில் சேர்த்தோம். சொன்னபடி செய்தோமா என்று அவள் கவனித்துக்கொண்டுதான் இருந்தாள்.

மாமாவுக்கும் ஒரு பதில் சொல்ல வேண்டியிருந்தது. அடுத்த முறை வந்தபோது, பாப்பாவும் இருக்கும்போதே, ‘மாமா, இவளுக்குத்தான் இதுல லாபம் அதிகம். பையனுக்கு அந்த வாய்ப்பு போயிடுச்சு’ என்றேன். பேச்சுக்குச் சொன்னதில்லை, நிஜம்தான். எப்படி என்று கேட்கிறீர்களா?

ஆறாம் வகுப்பு என்கிற வாசல்

தமிழ்நாட்டில் 2020இல் ஒரு சட்டம் வந்தது. நீட் தேர்வில் தேறிய அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத இடம் தனியாக ஒதுக்கினார்கள். 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் அதே 7.5 சதவீதம் வந்தது. இந்த ஒதுக்கீட்டில் இடம் கிடைக்கிற பிள்ளைகளின் படிப்புச் செலவையும் அரசே ஏற்கிறது. ஆனால் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். நடுவில் ஏழிலோ எட்டிலோ சேர்த்தால் கணக்கில் வராது. பதினொன்றில் சேர்ந்த என் மகனுக்கு இந்த ஒதுக்கீடு இல்லாமல் போனது இதனால்தான்.

2022 செப்டம்பர் 5ஆம் தேதி தொடங்கிய புதுமைப் பெண் திட்டமும் இப்படித்தான். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்கள் கல்லூரிக்கோ, பாலிடெக்னிக்குக்கோ, ஐ.டி.ஐ.க்கோ போனால் மாதம் ஆயிரம் ரூபாய் அவர்கள் பெயரிலேயே வங்கிக் கணக்கில் போடுவதற்காக வந்த திட்டம் அது. பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் என்று 2024 ஆகஸ்டில் தொடங்கினார்கள்.

ஒரு விஷயத்தில் பலரும் குழம்புகிறார்கள். ‘அரசு உதவி பெறும் பள்ளி’ வேறு, ‘அரசுப் பள்ளி’ வேறு. மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி ஒன்றியப் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி, கள்ளர் சீரமைப்புப் பள்ளி இவையெல்லாம் அரசுப் பள்ளிக் கணக்கில் சேரும். உதவி பெறும் பள்ளியில் படித்தவர்களுக்கு அந்த 7.5 சதவீதம் கிடையாது. இன்னொன்று, கட்டாயக் கல்விச் சட்டத்தின் 25 சதவீத ஒதுக்கீட்டில் தனியார் பள்ளியில் எட்டு வரை படித்துவிட்டு, ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படிக்கிற பிள்ளைகளுக்கு விலக்கு இருக்கிறது. அவர்களும் தகுதி பெறுவார்கள். உங்கள் குழந்தை எதில் வரும் என்று சேர்க்கும்போதே தலைமை ஆசிரியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பாடம் மாறிவிடுமே என்று பயப்படுகிறவர்களுக்கு: 2011இல் சமச்சீர் கல்வி எல்லா வகுப்புக்கும் வந்ததிலிருந்து மெட்ரிக் பள்ளிக்கும் அரசுப் பள்ளிக்கும் பாடத்திட்டம் ஒன்றுதான். சி.பி.எஸ்.இ.யிலிருந்து வந்தால்தான் பாடம் மாறும். அதோடு 2012-13 முதல் பல அரசுப் பள்ளிகளில் இங்கிலீஷ் மீடியம் பிரிவும் இருக்கிறது. பாப்பாவை அதில்தான் சேர்த்தோம். பள்ளிக்கூடம், தோழிகள், டீச்சர் எல்லாம் மாறும்போது மொழியும் சேர்ந்து மாற வேண்டாம் என்று நினைத்தோம்.

என் தங்கை அப்படி நினைக்கவில்லை. அவள் தன் மகனை ஏழாம் வகுப்பில் தமிழ் மீடியத்துக்கே மாற்றினாள். கணக்குத் தெரிந்த பிள்ளை. ஆனால் ‘நியூமரேட்டர்’ தெரியும், ‘தொகுதி’ தெரியாது. ‘டினாமினேட்டர்’ தெரியும், ‘பகுதி’ தெரியாது. வினாத்தாளைப் பார்த்து விழித்தான். தங்கை ஒரு நாற்பது பக்க நோட்டை நடுவில் கோடு போட்டு, இந்தப் பக்கம் இங்கிலீஷ் வார்த்தை, அந்தப் பக்கம் தமிழ் வார்த்தை என்று தினமும் பத்துப் பத்தாக எழுத வைத்தாள். அரைப் பரீட்சை வருவதற்குள் நோட்டு நிறைந்துவிட்டது. அவனுக்கும் பழகிவிட்டது.

டி.சி. தர மாட்டேன் என்றால்?

அந்த 9 ஆயிரம் பாக்கி இருந்தது இல்லையா? டி.சி. கேட்டுப் போனபோது ஆபீஸ் ஜன்னலிலேயே நிற்க வைத்து, ‘பாக்கியைக் கட்டிட்டு வாங்க’ என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு நாள் அலைந்தேன். மூன்றாம் நாள் நேராக அரசுப் பள்ளிக்குப் போய் ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மாவிடம் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, ‘டி.சி. பின்னால வரட்டும்மா. பிள்ளையை முதல்ல கிளாஸ்ல உட்கார வைங்க’ என்றார்.

2009ஆம் வருஷக் கட்டாயக் கல்விச் சட்டத்தின் 5ஆவது பிரிவிலேயே இது இருக்கிறது என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். எட்டாம் வகுப்பு வரை, குழந்தை அரசுப் பள்ளிக்கோ உதவி பெறும் பள்ளிக்கோ மாற விரும்பினால் பழைய பள்ளித் தலைமை ஆசிரியர் உடனே டி.சி. கொடுக்க வேண்டும். டி.சி. வரத் தாமதமானது என்பதற்காகப் புதிய பள்ளி சேர்க்கையை மறுக்கவும் முடியாது, தள்ளிப்போடவும் முடியாது. வயதுச் சான்றிதழ் இல்லை என்று திருப்பி அனுப்பவும் கூடாது. பிறகு 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றமும் ஒரு தீர்ப்பில், டி.சி.யை வைத்துக்கொண்டு பெற்றோரை ஃபீஸ் பாக்கிக்கு நெருக்கக் கூடாது, டி.சி.யில் ஃபீஸ் பாக்கி என்று எழுதவும் கூடாது என்று சொல்லியிருக்கிறது. பாக்கியை வசூலிக்க வேறு வழி இருக்கிறது. குழந்தையின் படிப்பு அதற்கு அடகு இல்லை. (பாக்கியை நாங்கள் தீபாவளிக்குள் இரண்டு தவணையில் கட்டிவிட்டோம். கடன் கடன்தானே!)

இன்னொரு சங்கதி ‘எமிஸ் நம்பர்’. ஒவ்வொரு பிள்ளைக்கும் கம்ப்யூட்டரில் ஒரு எண் இருக்கிறது. பழைய பள்ளி அந்தப் பெயரைப் பொதுப் பட்டியலுக்கு விடுவிக்க வேண்டும். ‘காமன் பூல்’ என்பார்கள். அப்போதுதான் புதிய பள்ளி தன் கணக்கில் ஏற்ற முடியும். இது நடக்காவிட்டால் பிள்ளை இங்கே உட்கார்ந்திருக்கும், பெயர் அங்கே இருக்கும். பெயர் வரவில்லையென்றால் உதவித்தொகை, பஸ் பாஸ் எல்லாவற்றிலும் சிக்கல். ஆகவே டி.சி. வாங்கும்போதே அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு, விடுவித்தாயிற்றா என்று கேட்டுவிடுங்கள். ஆதார், பிறப்புச் சான்று, சாதிச் சான்று, பாஸ்போர்ட் சைஸ் ஃபோட்டோ இவற்றோடு போனால் அரை மணி நேர வேலை. டி.சி.யில் பெயர், இனிஷியல், பிறந்த தேதி மூன்றையும் அங்கேயே நின்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை படியுங்கள். பத்தாம் வகுப்பில் போய் இனிஷியலைத் திருத்த அலைகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்பப்பா!

முதல் இரண்டு மாதம்

2022 ஜூனில் பள்ளி திறந்தது. பழைய பள்ளியின் மஞ்சள் வேன் எட்டேகாலுக்கு எங்கள் தெரு வழியாகத்தான் போகும். வேன் வருகிற சத்தம் கேட்டால் பாப்பா வாசலிலிருந்து உள்ளே வந்து செருப்பைத் தேடுகிற மாதிரி நிற்பாள். வேன் போன பிறகுதான் வெளியே வருவாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய தோழிகள் இரண்டு பேரை வீட்டுக்குக் கூப்பிட்டு தோசை வார்த்துப் போட்டேன். பள்ளிக்கூடம் மாறினால் சிநேகிதமும் முறிந்தாக வேண்டும் என்று சட்டமா இருக்கிறது? ஆகஸ்ட் வாக்கில் வேனைப் பார்த்துக் கையாட்ட ஆரம்பித்தாள்.

வீட்டுக்கு வருகிறவர்கள் பேச்சுதான் பெரிய இம்சை. என் நாத்தனார் வந்த அன்றே, ‘ஏன் அண்ணி, அண்ணன் கடை அவ்வளவு மோசமா ஓடுது?’ என்றாள். ‘கடை ஓடுதும்மா. அவ தமிழ் படிக்கிறா, பார்க்கிறியா?’ என்று பாப்பாவை அன்றைய பேப்பரைப் படிக்கச் சொன்னேன். தட்டுத் தடுமாறித்தான் படித்தாள். ஆனால் படித்தாள். ‘வேற வழியில்லாம சேர்த்தோம்’ என்ற வார்த்தையை மட்டும் வீட்டில் யாரும் சொல்லக் கூடாது என்று மாமியார் உட்பட எல்லோரிடமும் கண்டிப்பாகச் சொல்லி வைத்திருந்தேன். நாம் மூக்கைச் சுளித்துக்கொண்டு அனுப்புகிற இடத்தில் குழந்தை எப்படி மனசு ஒன்றிப் படிக்கும்?

புத்தகம், நோட்டு, பை, யூனிஃபாரம் எல்லாம் பள்ளியிலேயே கொடுத்தார்கள். யூனிஃபாரம் தொளதொளவென்று இருந்தது. பக்கவாட்டில் பிடித்து ஒரு தையல் போட்டேன், சரியாகிவிட்டது. தையல் தெரியாதவர்கள் தெருமுனை டெய்லரிடம் கொடுக்கலாம். தொளதொள யூனிஃபாரம் குழந்தைக்கு எவ்வளவு கூச்சம் தரும் என்று நமக்குத் தெரியாதா!

சத்துணவு விஷயத்தில் மாமியாருக்கும் எனக்கும் ஒரு வாரம் பனிப்போர். ‘நம்ம வீட்டுப் பிள்ளை தட்டைத் தூக்கிட்டு வரிசையில நிக்கணுமா?’ என்றார். டிபன் பாக்ஸ் கட்டிக் கொடுத்தேன். பத்தே நாள். அவள் தோழிகள் எல்லோரும் தட்டோடு வேப்ப மரத்தடியில் உட்கார, இவள் மட்டும் வகுப்பில் தனியாக டப்பாவைத் திறக்கிறாள். ‘எனக்கும் தட்டு குடும்மா’ என்று கேட்டு வாங்கிப் போனாள். 1956இல் காமராஜர் மதிய உணவு தொடங்கியபோதும், 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தபோதும் எத்தனை வீடுகளில் இதே பேச்சு நடந்திருக்குமோ! தினமும் ஒரு முட்டை போடுகிறார்கள். வீட்டில் முட்டையை ஒதுக்குகிறவள், அங்கே பக்கத்துத் தோழியோடு போட்டி போட்டுச் சாப்பிட்டாளாம். ஒன்றிலிருந்து ஐந்து வரை படிக்கிற சின்னக் குழந்தைகளுக்குக் காலைச் சிற்றுண்டியும் உண்டு. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது.

எனக்கு உண்மையிலேயே கவலை தந்தது வேறொன்று. வாட்டர் பாட்டில்! காலையில் நிரப்பிக் கொடுத்தது சாயங்காலம் அப்படியே திரும்பி வரும். மூன்றாம் வாரம், ‘ஒண்ணுக்குப் போனா எரியுதும்மா’ என்றாள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டினோம். டாக்டரம்மா ஒரே கேள்விதான் கேட்டார்: ‘ஸ்கூல்ல பாத்ரூம் போறியா?’ இல்லையாம். கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, குழாயில் தண்ணீர் வரவில்லை. போகக் கூடாது என்று தண்ணீரே குடிக்காமல் இருந்திருக்கிறாள். இப்படி அடக்கி வைத்தால் சிறுநீர்த் தொற்று வரும், தலைவலி வரும், மலச்சிக்கல் வரும் என்று டாக்டரம்மா எடுத்துச் சொன்னார். எந்தப் பள்ளியானாலும் பெண் குழந்தையின் பாட்டிலை சாயங்காலம் தூக்கிப் பாருங்கள் சகோதரிகளே! தனியார் பள்ளியில் டாய்லெட் பளபளவென்று இருந்தது. ஆனால் பீரியட் நடுவில் விட மாட்டார்கள் என்று அங்கேயும் அடக்குகிற குழந்தைகள் உண்டு.

நான் தனியாகப் போய்ப் பேசவில்லை. அதே வகுப்பு அம்மாக்கள் மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு போனேன். ஒருவர் நாற்று நடுகிறவர், ஒருவர் இட்லிக் கடை வைத்திருக்கிறவர், ஒருவர் கிராம நர்ஸ். ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா மறைக்கவில்லை. ‘பணம் வர்றப்ப செய்யலாம்னு இருந்தேம்மா’ என்றார். தாழ்ப்பாளுக்கு எவ்வளவு ஆகிவிடும்? ஆளுக்குக் கொஞ்சம் போட்டு நாங்களே வாங்கிக் கொடுத்தோம். இட்லிக் கடை அம்மாவின் வீட்டுக்காரர் தச்சு வேலை செய்கிறவர்; சனிக்கிழமை வந்து மாட்டிவிட்டார். தண்ணீர்க் குழாய்க்குப் பேரூராட்சி அலுவலகத்துக்கு மனு எழுதினோம். ஒன்றரை மாதம் ஆயிற்று, ஆனாலும் வந்தது. ஃபீஸ் கட்டுகிற பள்ளியில் கேட்டைத் தாண்டி எங்களை விட்டதே இல்லை. இங்கே உள்ளே போகலாம், கேட்கலாம். கேட்காவிட்டால் எதுவும் நடக்காது என்பதும் உண்மை.

வாரம் ஒரு இரும்புச் சத்து மாத்திரை பள்ளியில் கொடுக்கிறார்கள். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும் என்பதால் சாப்பிட்ட பிறகு போடச் சொல்லுங்கள். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். மாத்திரை போட்ட கையோடு காபி, டீ மட்டும் வேண்டாம். இரும்புச் சத்து உடம்பில் சேராது. வயதுக்கு வந்த பெண்களுக்குப் புதுயுகம் திட்டத்தில் நாப்கினும் பள்ளியில் கிடைக்கிறது.

படிப்பு எப்படி என்று கேட்கிறீர்களா? அறிவியல் டீச்சர் பாடத்தைத் தமிழில் சொல்லிவிட்டு, போர்டில் இங்கிலீஷில் எழுதிப் போடுவாராம். ஒரு நாள் ஓடி வந்து, ‘அம்மா, இலை இருக்கில்ல, அது வெயில்ல சோறு சமைக்குதாம்! அதுதான் ஃபோட்டோசிந்தசிஸ்’ என்றாள். வாழையிலையைப் பிடித்துக்கொண்டு எனக்கே பாடம் எடுத்தாள். அந்த ஆறு மாதம் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு கால் மணி நேரம் தமிழ்ப் பேப்பர், கால் மணி நேரம் இங்கிலீஷ் பாடம் என்று சத்தம் போட்டு வாசிக்க வைத்தேன். பத்தாம் வகுப்பு வரை தமிழில் படித்த எனக்கு இங்கிலீஷ் உச்சரிப்பு அவ்வளவு வராது. அவள் வாசிப்பாள், நான் விரலை வைத்துத் தொடர்ந்து போவேன், அவ்வளவுதான்.

குறைகளையும் சொல்ல வேண்டும். ஏழாம் வகுப்பில் கணக்கு டீச்சர் மாற்றலாகிப் போய் மூன்று மாதம் ஆளே வரவில்லை. பக்கத்துத் தெருவில் பி.எஸ்சி. கணக்கு படித்த பெண்ணிடம் டியூஷன் அனுப்பினேன், மாதம் 300 ரூபாய். ஹோம்வொர்க் டைரி, தினம் ஒரு மெசேஜ் என்பதெல்லாம் இங்கே எதிர்பார்க்க முடியாது. மாதம் ஒரு தடவையாவது நாமே போய் டீச்சரைப் பார்க்க வேண்டும். இங்கிலீஷ் பேசுகிற பழக்கம் குறைந்துதான் போகும்; அதற்கு வீட்டில்தான் ஏதாவது செய்ய வேண்டும். எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். தேர்வு எழுதினாள். அரசுப் பள்ளியிலும் உதவி பெறும் பள்ளியிலும் படிக்கிற, வருஷ வருமானம் மூன்றரை லட்சத்துக்கு உட்பட்ட வீட்டுப் பிள்ளைகளுக்கானது. தேறினால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை மாதம் ஆயிரம் ரூபாய். பாப்பாவுக்குக் கிடைக்கவில்லை. கிராம நர்ஸ் அம்மாவின் மகளுக்குக் கிடைத்தது. இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். பிறகு அவளோடு சேர்ந்தே மிட்டாய் வாங்கி எல்லோருக்கும் கொடுத்தாளாம்.

எல்லா அரசுப் பள்ளியும் ஒன்று போல இருக்காது. அதனால் கேள்விப்பட்டதை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒரு வேலை நாளில் பதினோரு மணி வாக்கில் போய்ப் பாருங்கள். வகுப்பில் டீச்சர் இருக்கிறாரா, எந்தப் பாடத்துக்கு ஆள் இல்லை, டாய்லெட்டில் தண்ணீர் வருகிறதா, போன வருஷம் பத்தாம் வகுப்பு எப்படி என்று கேளுங்கள். கூரையையும் மாடிப்படியையும் நான் கட்டாயம் பார்ப்பேன். 2004 ஜூலை 16இல் கும்பகோணத்தில் ஒரு தனியார் பள்ளியில் 94 குழந்தைகளைத் தீக்குப் பறிகொடுத்த மாவட்டம் எங்களுடையது. அரசோ தனியாரோ, படிக்கட்டு அகலமா, வெளியேற இன்னொரு வழி இருக்கிறதா என்று பார்க்காமல் எங்கள் பக்கத்துத் தாய்மார்கள் குழந்தையைச் சேர்ப்பதில்லை. போகும்போது குழந்தையையும் கூட்டிக்கொண்டு போங்கள். பாப்பா முதல் நாளுக்கு முன்பே அந்த வேப்ப மரத்தையும் கொக்கோ மைதானத்தையும் பார்த்துவிட்டாள். ‘இவ்வளவு பெரிய இடமா!’ என்றாள். பழைய பள்ளியில் கார் நிறுத்துகிற இடம்தான் மைதானம்.

சேர்த்த பிறகு பள்ளி மேலாண்மைக் குழுவை விட்டுவிடாதீர்கள். சட்டப்படி அதில் நாலில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும். பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும். நாம் போய் உட்காராவிட்டால் நாற்காலி காலியாக இருக்கும், இல்லையென்றால் வேறு யாராவது கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். தாழ்ப்பாள் மாட்டிய நாங்கள் நாலு பேரும் இப்போது கூட்டம் தவறுவதில்லை. நடவு நாளில் மட்டும் ஒருவர் வர முடியாது. அவருக்காகக் கூட்டத்தைச் சாயங்காலத்துக்கு மாற்றச் சொல்லிக் கேட்டிருக்கிறோம். பாப்பா ஒன்பதாம் வகுப்புக்கு வந்துவிட்டாள், அடுத்தது பத்தாம் வகுப்பு. அதற்கு முன்னால் கணக்குக்கு நிரந்தரமாக ஒரு டீச்சர் வேண்டும் என்று முதன்மைக் கல்வி அலுவலருக்கு மனு எழுதி வைத்திருக்கிறோம். இதுவரை முப்பத்தோரு அம்மாக்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். மீதிப் பேரை வெள்ளிக்கிழமை சந்தையில் பார்த்து வாங்கிவிடலாம் என்று இட்லிக் கடை அம்மா சொல்லியிருக்கிறார்.